மருந்து விட்ட செவ்வரத்தை

கொழும்பில் பல்கனிக்கென்று பூக்கன்று வளர்த்து விற்கும் ஒரு நாற்றுமேடையில் ஏழு வருடம் வேலை செய்தேன். எங்களிடம் அதிகம் விலைப்பட்டது செவ்வரத்தை. நிலத்தில் விட்டால் ஆளுயரம் தாண்டும் செடி அது. வெள்ளவத்தைத் தொடர்மாடிக்காரர் கேட்பதோ, முழங்கால் உயரத்தில் கிளைக்குக் கிளை மொட்டோடு நிற்கும் கன்று. கன்றுகளை இடைவெளி விட்டு வெயிலில் வைத்து, நுனி கிள்ளிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிக்குத்தான் பக்லோபியூட்ராசோல் என்ற மருந்து.

செடியின் தண்டை நீள வைப்பது ஜிபரெலின் என்ற ஹோர்மோன். ஜப்பானில் நெல் நாற்றுகள் அளவுக்கு மீறி வளர்ந்து சாய்வது ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளால் என்று ஆய்வாளர் குரோசாவா 1926இல் காட்டியதிலிருந்துதான் அதன் கதை தொடங்குகிறது. நாங்கள் விடும் மருந்து, செடிக்குள் ஜிபரெலின் உண்டாவதைத் தடுக்கும். கணுக்கள் வழமைபோல வரும், இடையில் உள்ள தண்டுதான் குறுகும். வேர் வழியாக ஏறுவதால் சாடியில் ஊற்றினாலே போதும்.

எங்கள் போத்தலில் லீற்றருக்கு 250 கிராம் மருந்து. 100 லீற்றர் தண்ணீரில் 1 மில்லிலீற்றர் கலந்தால் லீற்றருக்கு 2.5 மில்லிகிராம் வரும். ஒருநாள் கொப்பியில் 1.0 என்று நானே எழுதிய புள்ளி தண்ணீர் பட்டு அழிந்திருக்க, 10 மில்லிலீற்றர் விட்டுவிட்டேன். சில வாரங்களில் இலைகள் கரும்பச்சையாகத் தடித்துச் சுருங்கி, நுனியில் கோவா போல அடுக்கிக்கொண்டன. விரிந்த பூக்கள் இலைக்குள் முகம் புதைத்துக் கிடந்தன. ஜிபரெலினில் ஒரு வகையான ஜிபரெலிக் அமிலம் தெளித்தோம். கொஞ்சம் நிமிர்ந்தன, அவ்வளவுதான்.

சரி, சாடிகளைக் கொட்டினோம். அந்தத் தும்புத்தூளிலேயே பிறகு யாரோ காசித்தும்பை நாற்றுப் போட, அதுவும் இரண்டு அங்குலத்தோடு நின்றுவிட்டது. மருந்து அவ்வளவு காலம் தங்கும் என்பதை என் கண்ணாலே பார்த்தது அன்றுதான்.

என்னை மாற்றியது வேறொன்று. கன்று வாங்கிப்போன ஒரு அம்மா மறுவாரம் வந்து, "தம்பி, இந்தப் பூவை அவிச்சுக் குடிக்கலாம்தானே? எனக்குப் பிரஷர்" என்றார்.

"வேண்டாம் அம்மா, மருந்து விட்ட கன்று. சாமிக்கு வையுங்கோ."

"அதை வாங்கேக்கையே சொல்லியிருக்கலாமே!"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சாடியிலும் ஒரு மட்டை குத்தினேன்: மருந்து விட்ட திகதி, பூவையோ இலையையோ உண்ண வேண்டாம், மருந்தின் வேகம் குறைந்ததும் செடி நீளும், அப்போது கத்தரியுங்கள். விற்பனை குறையும் என்று முதலாளி பயந்தார். மட்டையைக் கழற்ற நான் சம்மதிக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு, கொட்டிலுக்குப் பின்னால் நின்ற, மருந்தே காணாத தாய்ச்செடியிலிருந்து இரண்டு தடி வெட்டி, ஈரக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன்.