கண்ணுக்கு மேல் ஒரு கருப்புப் பட்டை

"கண்ண மறைச்சிய, செரி. வீட்ட எதுக்கு சாறே மறைக்கல்ல?"

எங்கள் பேப்பரில் வந்த ஒரு கைதுப் படத்தைப் பார்த்துவிட்டு, போனில் ஒரு அம்மா கேட்டது இவ்வளவுதான். எந்தக் கொலை, எந்தக் கைது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வீடு எது என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

"முகத்தை மறைச்சாப் போதும்மா, சட்டம் அவ்வளவுதான்" என்று பதில் சொன்னேன். பத்திரிகை மேசையில் வருடக்கணக்காக உட்கார்ந்தவன் யோசிக்காமலே சொல்லும் பதில் அது. பிறகு யோசித்தால் அதில் பாதி பொய்.

கைதானவர் தலையில் கருப்புத் துணியைப் போட்டு ஜீப்பிலிருந்து இறக்குவதைப் பார்த்ததுமே டீக்கடையில் கோபம் தொடங்கிவிடும். "கொன்னவனுக்கு என்னடே மானம்?" துணி அவனுடைய மானத்துக்காக மட்டும் இல்லை, வழக்குக்காக. சாட்சிக்கு ஆளை முன்பின் தெரியாது என்றால் அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டிவரும்; வரிசையில் நிற்பவர்களில் அந்த ஆள் யார் என்று சாட்சி காட்ட வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 54. நீதித்துறை நடுவர் சிறைக்குப் போவார். போலீஸ் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது. அதே வயது, அதே உடல்வாகு உள்ள ஏழெட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்துக் கைதானவனோடு வரிசையில் விடுவார்கள். எந்த இடத்தில் நிற்பது என்பதை அவனே தேர்ந்துகொள்ளலாம். ஒரு சாட்சி வந்து போனதும் இடத்தை மாற்றலாம், சட்டையை மாற்றலாம். முகத்தில் தழும்பு இருந்தால் மற்றவர்களுக்கும் அதே இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுவதுண்டு. இத்தனை பாடுபட்டதைக் குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி சாய்த்துவிடும்: "முன்னாடியே பேப்பர்ல படம் பாத்தீங்களா?" பார்த்தேன் என்று சாட்சி சொல்லிவிட்டால் அணிவகுப்புக்குப் பெரிய மதிப்பு இருக்காது.

இதற்கு நேர் எதிரானதையும் இதே மாவட்டம் பார்த்திருக்கிறது. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தேடப்பட்டவர்களின் படங்களைப் போலீஸே வெளியிட்டது. ஆறாம் நாள் உடுப்பி ரயில் நிலையத்தில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். தேடும்போது முகம் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டும், பிடித்த பிறகு தெரியக் கூடாது. வாசகருக்கு இது முரணாகப் படுவதில் தப்பே இல்லை.

அப்படியானால் நாங்கள் கண்ணுக்கு மேல் போடும் பட்டை எதற்கு? தலைமுடி, காது, தாடை எல்லாம் வெளியே. தெரிந்தவன் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவான். தெரியாத சாட்சிக்கும் பாதி முகம் மனதில் தங்கும். பட்டை அந்த ஆளையும் காப்பாற்றாது, வழக்கையும் காப்பாற்றாது. "நாங்க மறைச்சிட்டோம்" என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குத்தான் அது உதவும். அன்றைக்கு அந்த அம்மா கேட்ட படத்தின் வழக்கில் அணிவகுப்பு நடக்கப் போகிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. பக்கம் முடிய இருபது நிமிடம் இருந்தது.

நேரத்தைக் காரணம் சொல்வது சுலபம். ஆனால் நேரம் உண்மையிலேயே ஒரு காரணம். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடிந்தும் உறவினர்கள் உடலை வாங்க மறுப்பார்கள். டி.எஸ்.பி. வருவார், ஆர்.டி.ஓ. வருவார், பேச்சுவார்த்தை நடக்கும். கோரிக்கையில் முதல் வரி எப்போதும் 'உடனே கைது செய்'. வெளியே மறியல், பஸ் ஓடாது. பிணவறையில் உடல் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விசாரணை அதிகாரியின் கழுத்தில் ஏறி உட்காரும். அப்படி அகப்படுகிறவர்கள் எல்லாம் தப்பான ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அவசரத்தில் எழுதிய வாசகம்தான் செய்திக் குறிப்பாக வாட்ஸப்பில் வருகிறது. அதைவிட அவசரமாக நாங்கள் அதைச் செய்தியாக்குகிறோம்.

அப்போதுதான் விகுதிச் சண்டை வரும். இங்கிலீஷ் பேப்பர்காரனுக்கு இந்தப் பாடு கிடையாது. 'கைது செய்யப்பட்டார்' என்று போட்டால் காலை ஏழு மணிக்கே போன்: "கொலகாரனுக்கு என்னவோய் மரியாத?" 'செய்யப்பட்டான்' என்று போட்டால் தீர்ப்பை நானே எழுதியாயிற்று. இரண்டுக்கும் தப்பிக்கக் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் 'வாலிபர் கைது'. வினைமுற்று இல்லை, அதனால் அங்கே விகுதியும் இல்லை. 'குற்றம் சாட்டப்பட்டவர்' சரியான சொல்தான், ஆனால் ஒற்றைப் பத்தித் தலைப்பில் இரண்டு வரியை விழுங்கிவிடும். 'கொலையாளி' நாலே எழுத்து. இடம் பற்றாமலே எத்தனை பேர் கொலையாளி ஆனார்களோ.

'பரபரப்பு வாக்குமூலம்' இன்னொன்று. போலீஸிடம் ஒப்புக்கொண்டதை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகச் சாட்சியம் ஆக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 23. அவன் சொன்னதை வைத்துக் கத்தியையோ சட்டையையோ கண்டெடுத்தால் அந்த அளவு மட்டும் நிற்கும். நடுவர் முன்னால் சொல்வது வேறு. சொல்லக் கட்டாயமில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே வரும் என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். யோசிக்க நேரமும் கொடுப்பார். நாங்கள் அச்சிடுவது பெரும்பாலும் முதல் வகை. வருடங்கள் கழித்து விடுதலை என்று வரும்போது "அவனே ஒத்துக்கிட்டான், பேப்பர்ல வந்துதே" என்பார்கள். வந்ததுதான்.

2022 அக்டோபரில் கேரளத்துப் பாறசாலை இளைஞர் கஷாயம் குடித்து இறந்த வழக்கு ஞாபகம் இருக்கும். கஷாயம் கொடுத்த பெண்ணின் வீடு நம் மாவட்ட எல்லைக்குள். பெண்ணோடு தாயும் மாமனும் கைதானார்கள். அதற்குப் பிறகு கஷாயம் என்ற சொல்லே கேலியாகிவிட்டது. குடும்பம் மொத்தத்துக்கும் ஊர் அப்போதே தண்டனை கொடுத்து முடித்திருந்தது. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் பெண்ணுக்கு மரண தண்டனையும் மாமனுக்கு 3 ஆண்டும் விதித்தது. தாயைப் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவித்தது. தூக்குத் தண்டனை தலைப்பாக வந்தது. விடுதலை உள்ளே ஒரு வரி. செய்தி மதிப்பு என்று பார்த்தால் அது சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

சரி, அந்த வீட்டுக்கு வருகிறேன்.

படத்தில் ஜீப், இரண்டு போலீஸ்காரர்கள், நடுவில் பட்டை போட்ட ஆள். இடது ஓரத்தில் ஓட்டு வீடு. முற்றத்துக் கயிற்றில் ரப்பர் ஷீட் காயப் போட்டிருந்தது. அந்த ஆள் அங்கே வாடகைக்கு இருந்தவன். வீடு போன் செய்த அம்மாவுடையது, ஷீட்டும் அவருடையதுதான். படக் குறிப்பில் 'வாலிபரின் வீடு' என்று இருந்தது. நிருபர் அப்படி அனுப்பவில்லை, 'வீட்டருகே' என்றுதான் எழுதியிருந்தார். சுருக்கியது நான்.

"எனக்க வீடு சாறே அது. ஷீட்டு எடுக்க வரவன் இனி வரமாட்டேங்கான். கொலகாரனுக்க வீட்டு ஷீட்டாம்."

மன்னிப்புக் கேட்டேன். திருத்தம் போடுகிறோம், பெயரும் விலாசமும் எழுதி ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். எங்களிடம் இருக்கும் ஒரே மருந்து அது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"திருத்தம் போட்டா பாக்காதவனும் பாப்பானே. வேண்டாம்."

அது சரியான கணக்கு. 'இந்தச் செய்தியில் இடம்பெற்ற வீடு இன்னாருடையது' என்று போட்டால், ஷீட் வியாபாரியைத் தாண்டி மாவட்டம் முழுவதும் தெரியும். போடாவிட்டால் தப்பு அப்படியே நிற்கும். பெயர் இல்லாமல் 'வீடு அவருடையதல்ல' என்று மட்டும் போடலாமா என்று கேட்டிருக்கலாம். அன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா, தெரியாது. இதில் என் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்: முகத்தை மறைத்தேன், சாதியைப் போடவில்லை, தகப்பன் பெயரை வெட்டினேன். இந்தப் பட்டியலை அந்த அம்மாவிடமும் ஒப்பித்திருக்கிறேன் என்பதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

பிறகு அந்தப் படத்தைத் திரையில் திறந்து பார்த்தேன். இடது பக்கம் இரண்டு சென்டிமீட்டர் வெட்டினால் வீடும் கயிறும் போய்விடும், ஜீப்பும் ஆளும் அப்படியே இருக்கும். படம் ஒன்றும் கெட்டுவிடாது. அரை நிமிட வேலை.

பேப்பர் மறுநாளே பழசாகி முறுக்குப் பொட்டலம் ஆகிவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். இ-பேப்பரில் தேதியைத் தட்டினால் அந்தப் பக்கம் இன்றைக்கும் வரும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.