விலை ஏறின பிறகு ஊன்றுவதா? சின்ன வெங்காயத்தின் வரத்துக் கணக்கு

சின்ன வெங்காயம் சதம் அடித்தது என்று செய்தி வரும் வாரத்தில்தான் விதைக்காய் கேட்டு மண்டிக்குப் போன் போடுகிறவர்கள் அதிகம். அன்றைக்கு விதைக்காய் வாங்கி ஊன்றினாலும் காய் எடுக்க 65 முதல் 70 நாள் ஆகும். நிலம் ஓட்டி, பார் பிடிக்க ஒரு பத்து நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, எண்பது நாள் கழித்துச் சந்தைக்குப் போகப்போகிற காய்க்கு இன்றைய விலையைப் பார்த்து முடிவெடுக்கிறோம். நம்மைப் போலவே பெரம்பலூரிலும் திண்டுக்கல்லிலும் பல்லடத்திலும் அதே வாரம் முடிவெடுத்தவர்கள் எல்லோருடைய காயும் ஒன்றாகத்தான் பேட்டைக்கு வந்து இறங்கும்.

மற்ற காய்கறிக்கு இல்லாத ஒரு சங்கதி இதில் உண்டு. சாம்பாருக்குப் போகிற காயும் விதைக்காயும் ஒன்றேதான். ஏக்கருக்கு 600 கிலோ விதைக்காய் வேண்டும். 5 டன் மகசூல் என்று வைத்தால் ஒரு கிலோ எட்டு கிலோவுக்குமேல் ஆகித் திரும்புகிறது. பட்டறையில், அதாவது காயைச் சேமித்து வைக்கும் தட்டி அடைப்பில், இருக்கும் ஒரு டன், மண்டிக்குப் போகாமல் வயலுக்குப் போனால் இன்றைக்கு வரத்து ஒரு டன் குறையும், இரண்டரை மாதத்தில் எட்டு டன் கூடும். நடவு நேரத்தில் விலை இன்னும் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஏற்றத்தை மக்கள் அதிகம் வாங்குவதாக எடுத்துக்கொண்டு ஊன்றப் போனால் கணக்கு தப்பும்.

விதைக்காய் விலையே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். கிலோ 40 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 24,000 ரூபாய். 90 என்றால் 54,000. 5 டன் விளைந்தால் விதைச் செலவு மட்டும் முதல் கணக்கில் கிலோவுக்கு 4.80, இரண்டாவதில் 10.80. திருகல் நோய் புகுந்து 3 டன்னோடு நின்றுபோனால் இந்த 10.80, 18 ரூபாய் ஆகிவிடும். வரத்து பெருகிக் கிலோ 20-க்கு இறங்கினால், ஆள்கூலிக்கும் உரத்துக்கும் என்ன மிஞ்சும்? ஆகவே விதைக்காய் மலிவாகக் கிடக்கிற நடவுப் பட்டத்தில் (பருவத்தில்) ஊன்றுவதே என் கட்சி. அப்போது பக்கத்துக் காட்டுக்காரர் மக்காச்சோளத்துக்கு மாறியிருப்பார். நமக்கு அதுதான் வேண்டும்.

விலையை மட்டும் எழுதி வைப்பதில் பயன் இல்லை, வரத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். மத்திய அரசின் சந்தை விலைத் தளமான அக்மார்க்நெட்டில் சந்தைவாரியாக வரத்து, குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான காய் விற்ற விலை என எல்லாம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை எடுங்கள். நாளிதழில் வருவது பெரும்பாலும் உச்ச விலை. அது நன்றாகக் காய்ந்து, பருமனாக, ஒரே அளவில் இருக்கும் நாலைந்து மூட்டைக்குக் கிடைத்தது.

மூன்று வாரம் எழுதினால் போக்கு தெரியும். வரத்து குறைந்து விலை ஏறினால் அதில் வியப்பில்லை. அது மழையாலும் இருக்கலாம். இரண்டு நாள் மழை பெய்தால் காட்டில் காய் பிடுங்க முடியாது, லாரி வராது, விலை எகிறும். வெயில் அடித்த மூன்றாம் நாள் தேங்கின காய் மொத்தமும் வந்து விலையைத் தள்ளிவிடும். வரத்து கூடியும் விலை இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வெளியூர் வியாபாரி எடுக்கிறார், ஏற்றுமதிக்குப் போகிறது, வாங்கும் பக்கம் உண்மையிலேயே பலமாக இருக்கிறது. இதற்கு நேர்மாறானதும் உண்டு. வரத்தும் குறைகிறது, விலையும் குறைகிறது என்றால், பட்டறை போட்டவர்கள் அதை ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது வீண்.

வாங்கும் பக்கத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, அது பல்லாரி என்கிற பெரிய வெங்காயம். இரண்டுக்கும் விலை நெருக்கமாக இருக்கும்வரை ஓட்டல்காரர் சாம்பாருக்குச் சின்னதையே போடுவார். சின்னது மூன்று மடங்கு விலைக்குப் போனால் பல்லாரியை நறுக்கிப் போட்டுவிடுவார். உரிக்கிற கூலியும் மிச்சம். வைகாசி, ஆவணி, தை என முகூர்த்த மாதங்களில் கேட்பு கூடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணச் சமையல் இல்லை.

வரத்துக்கும் மாதக் கணக்கு உண்டு. சித்திரை, வைகாசியில் ஊன்றியது ஆடி, ஆவணியில் வரும். தென்மேற்குப் பருவமழையில் விளைந்த கர்நாடகத்துச் சாமராஜநகர், குண்டல்பேட்டைக் காயும் ஏறக்குறைய அதையொட்டி வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் ஊன்றியது தை, மாசியில் வரும். நடுவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பட்டறைக் காய்தான் சந்தையை ஓட்டுகிறது. ஆவணியில் எடுத்த காயை ஐப்பசிக்கு வைத்திருப்பது இந்த இடைவெளியை நம்பித்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்பே விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது, பார்த்துவிடுங்கள். ஆனால் அதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பட்டறை போடலாமா என்பது வெறும் பெருக்கல் வகுத்தல். எடுத்துக்காட்டாக, அறுவடை நாளில் கிலோ 30 ரூபாய், 1,000 கிலோ வைக்கிறோம். விற்றிருந்தால் 30,000. பட்டறை போட, பிரிக்க, பொறுக்கக் கூலி 2,000. அந்தப் பணத்துக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு 900. மொத்தம் 32,900. காய்ந்தும் அழுகியும் கால்வாசி போனால் மிச்சம் 750 கிலோ. அசலுக்கே 44 ரூபாய் கிடைக்க வேண்டும். கழிவு 15 சதவீதத்தில் நின்றால் 39 போதும். கழிவு 35 சதவீதம் ஆகிவிட்டால் 51 வேண்டும். விலை 40 ஆகிவிட்டது, பத்து ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுகிறவர் பெரும்பாலும் நட்டத்தில்தான் விற்கிறார்.

கழிவு கூடுவதற்குக் காரணங்கள் காட்டிலேயே தொடங்கிவிடுகின்றன. கடைசி நாள்வரை தண்ணீர் கட்டுவது, எடை கூடும் என்று பிந்தி யூரியா போடுவது, ஈர மண்ணில் பிடுங்குவது. இதனால் கழுத்து தடித்து, காயாமல், அந்த வழியே அழுகல் இறங்கும். முக்கால்வாசித் தாள் (இலை) மஞ்சளாகிச் சாய்ந்த பிறகு பிடுங்கி, நிழலில் நன்றாக உலர்த்தி வைப்பதே முறை. பட்டறை தரையில் உட்காரக் கூடாது. கல் வைத்து, மேலே கம்பு பரப்பி, இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி, தலைக்குத் தென்னங்கீற்று. அகலம் 4 அடியைத் தாண்டினால் நடுவில் காற்று நுழையாது, அங்கேதான் முதலில் புழுங்கும். மழைக்குப் பயந்து தார்ப்பாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து, கரும்பூஞ்சாணமும் முளைப்பும் ஒன்றாக வரும். கூரைக்கு மட்டும் தார்ப்பாய், பக்கங்கள் திறந்திருக்கட்டும்.

எந்த நோட்டிலும் எழுதி வைக்க முடியாத ஒன்று தில்லியிலிருந்து வரும் அறிவிப்பு. 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி வந்தது, டிசம்பர் 8-இல் தடையே வந்தது. 2024 மே 4-இல் தடை நீங்கினாலும் 40 சதவீத வரியும், டன்னுக்கு 550 டாலர் என்ற குறைந்தபட்ச விலையும் இருந்தன. அந்தச் செப்டம்பரில் குறைந்தபட்ச விலை போய், வரி 20 ஆனது. அதுவும் 2025 ஏப்ரல் 1-இல்தான் நீங்கியது. பிரச்சினை நாசிக் பெரிய வெங்காயத்தில், அடி விழுந்தது இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போகிற நம் சின்ன வெங்காயத்துக்கும். பெரிய வெங்காயம் வடக்கே ஏறத் தொடங்கினாலே, ஏற்றுமதியை நம்பிப் பட்டறையில் வைத்திருப்பதில் பாதியையாவது இறக்கிவிடலாம்.

மூன்றில் ஒரு பங்கை அறுவடையிலேயே விற்றுக் கூலி, உரக் கடனை அடைத்துவிட்டால் மண்டிக்காரர் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு அவர் சொன்ன நாளில் இறக்க வேண்டியிருக்காது. இன்னொரு பங்கை மேலே போட்ட அசல் விலையைத் தாண்டிய பிறகு, ஒரே நாளில் இல்லாமல் மூன்று நான்கு சந்தை நாளாகப் பிரித்து அனுப்பலாம். மீதி விதைக்கு. அதில் முளை நுனி எட்டிப் பார்த்துவிட்டால் விலை பார்க்காமல் அந்த வாரமே ஊன்றிவிடுங்கள், அல்லது விதைக்குத் தேடுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். முளைத்த காயை மண்டியில் கழிவு விலைக்குத்தான் கேட்பார்கள்.