பனிமலைக்குப் போன இருட்டறைப் பாடம்

பள்ளிப் புகைப்படக் கழகத்தின் சிவப்பு விளக்கடியில் அச்சுத்தாள் கழுவியவர்கள் இந்த மலரையும் புரட்டுவார்கள் என்று நம்பி எழுதுகிறேன். மலை வழிகாட்டித் தொழிலில் காலம் கழித்த எனக்கு, அங்கே படித்ததில் இன்றுவரை கைகொடுப்பது ஒளிமானி, அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி விட வேண்டும் என்று அளந்து சொல்லும் கருவி, பற்றிய பாடம்தான்.

ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். வெயில் விழுந்த பனியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிடும். அதனால் அது சொல்லும் ஒளியளவை +1 முதல் +2 ஸ்ரொப் வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்ரொப் கூட்டினால் ஒளி இரு மடங்கு); புதுப்பனியும் நல்ல வெயிலும் என்றால் ஒன்றரையில் தொடங்கலாம். ஸ்லைட் பிலிமில் அரை ஸ்ரொப் பிசகே படத்தில் தெரியும். டிஜிட்டலிலும் ஒருமுறை வெளுத்துப்போன பனியில் விபரம் திரும்பாது. கண்கூசும் வெயிலில் கமராத் திரை இருண்டு தெரிவதால், அதை நம்பி மேலும் கூட்டிவிடுவோம். படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். நிழலிலுள்ள பனி நீலமாக வந்தால் கமராவில் கோளாறு என்று எண்ண வேண்டாம். அங்கே விழுவது வானத்தின் ஒளி மட்டுமே. அந்த நீலத்தை முழுக்கத் துடைத்தெடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தைக் கருமையாக்கும் வடிகட்டியான போலரைசர் உயரத்தில் அவ்வளவாகத் தேவையில்லை. ஏற்கனவே கருநீலமான வானத்தை அது கறுப்பாக்கும். அகலக்கோண லென்ஸில் ஒரு பக்கம் மட்டும் இருண்டு திட்டாகத் தெரியும்.

குளிரில் முதலில் சோர்வது பற்றரி. உள்ளே நடக்கும் இரசாயன மாற்றம் மந்தமாவதுதான் காரணம். சூடேறினால் பெரும்பகுதி மீளும். ஆகவே மேலதிக பற்றரி இரண்டு உட்சட்டைப் பையில் இருக்கட்டும், ஒன்று தளர்ந்ததும் மாற்றிப் போடுங்கள். பிலிம் கமராவில் வேறு சிக்கல்: உலர்ந்த குளிரில் பிலிம் நொறுங்கும், வேகமாகச் சுற்றினால் நிலைமின் பொறி பாய்ந்து மின்னல் போன்ற கோடுகள் விழும். மெதுவாகச் சுற்ற வேண்டும். முக்காலியின் உலோகக் கால்களுக்கு நுரை உறை சுற்றுங்கள். தடித்த கையுறைக்குள் மெல்லியது ஒன்றும் போட்டால், பொத்தானை அழுத்த வெறுங்கை வேண்டாம்.

கழுத்தில் தொங்கும் கமரா பாறையில் மோதும், கயிற்றில் சிக்கும். மார்போடு இறுகிய பைதான் சரி. கல் விழும் பள்ளத்தில் யார் கேட்டாலும் நிற்பதில்லை. கயிற்றைப் பாறையிலோ பனியிலோ பிணைத்து நங்கூரம் போட்ட இடத்தில்தான் படம். மலைமுகட்டில் வெளியே நீண்டு தொங்கும் பனி விளிம்பு உடையும் கோடு, கண்ணுக்குத் தெரியும் ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளியிருக்கும். 'இன்னும் ஓரடி' என்பவரைக் கயிற்றால் இழுத்துப் பிடிப்பதும் நம் தொழில்தான்.

1861இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஒகுஸ்ட் பிஸ்ஸோன் ஆல்ப்ஸின் மொன் பிளாங் மலை உச்சியில் படமெடுக்க 25 சுமைகாவிகள் தேவைப்பட்டனர். அக்காலத்தில் கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைப் பூசி, அது காயுமுன் படமெடுத்து அங்கேயே கழுவியாக வேண்டும். தண்ணீருக்கும் பனியை உருக்க வேண்டும். இருட்டறையையே மலையில் ஏற்றிய மனிதர்!

இறங்கி வந்தபின்தான் பலர் கமராவைக் கெடுக்கிறார்கள். குளிர்ந்த கமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் ஈரம் படியும், லென்ஸின் உள்ளேயும்கூட. வாசலுக்கு வெளியிலேயே காற்றுப்புகாத பையில் இட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வரும்வரை இரண்டு மணிநேரமாவது விடுங்கள். மெமரி கார்ட்டை மட்டும் முன்பே கழற்றிக்கொண்டால், படம் பார்க்க அவசரப்பட்டுப் பையைத் திறக்க வேண்டியிருக்காது.