அரசுப் பள்ளியில் சேருங்கள்

"கவர்ன்மென்ட் ஸ்கூல்லயா சேர்த்திருக்கீங்க?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், எங்கள் கரையோர நகரத்து அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

அங்கே படிப்பவர்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். விலங்கியல் வகுப்பில் முட்தோலிகள் (நட்சத்திர மீன், கடல் அட்டை போன்ற கடல் உயிரினங்கள்) பாடம் வந்தபோது, கடல் அட்டை எப்படி இருக்கும் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, தொட்டதும் அது சுருங்குவதையும், வலையில் வந்தால் அப்பா திருப்பிக் கடலில் விடுவதையும் சொல்லியிருக்கிறான். பிடிக்கத் தடை உள்ள உயிரினம் என்பதை டீச்சர் அங்கிருந்தே எடுத்து நடத்தினாராம். எந்தப் பெரிய பள்ளியில் இந்த வகுப்பு கிடைக்கும்?

எங்கள் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர் வீட்டில் கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் பள்ளியும் திறக்கிறது. பாடப்புத்தகம் விலையில்லாமல் கிடைப்பதன் அருமை அப்போது தெரியும். பதினொன்றாம் வகுப்பில் சைக்கிளும் உண்டு.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-இல் வந்தது. அப்படிப் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். ஆறாம் வகுப்பிலேயே யோசியுங்கள். ஒன்பதாம் வகுப்பில் மாற்றினால், அதுவரை தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்ட இடத்தில் படித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த மருத்துவ ஒதுக்கீடு கிடைக்காது.

கழிப்பறைக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை. அதை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கப் போகிறோம். பெற்றோர்கள் எல்லாரும் வாங்க.