சொந்தப் பூட்டை விட்டுவிட்டு டிஎல்எஸ்ஸுக்கு வந்த கதை

என் வீட்டில் ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அண்ணன் வீட்டில் ஒரு பழைய லேப்டாப். இரண்டிலும் நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடும், நடுவில் சர்வர் எதுவும் கிடையாது, சாக்கெட் திறந்து போட்டோ, வீடியோவை நேராக அனுப்பிக்கொள்ளும். ஒருநாள் சும்மா, நெட்வொர்க்கில் போகிற டேட்டாவைக் காட்டும் வயர்ஷார்க் போட்டுப் பார்த்தால் ஃபைல் பெயர்கள் அப்படியே தெரிகின்றன, அப்பாவின் ஆதார் ஸ்கேன் உட்பட. பகீர் என்றது.

முதலில் ஃபெர்னெட், பைத்தானில் டேட்டாவை என்கிரிப்ட் செய்து பூட்டித் தரும் ரெடிமேட் வழி. நாலே வரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அது முழு ஃபைலையும் ஒரேயடியாக மெமரியில் ஏற்றும், போதாததற்கு பூட்டியதை வெறும் எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 என்பதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 700 எம்பி கல்யாண வீடியோவைக் கொடுத்ததும் 1 ஜிபி ராம் உள்ள பை மூச்சு முட்டி நின்றுவிட்டது. சரி, துண்டு துண்டாக அனுப்பலாம் என்று மாற்றினேன். ஒவ்வொரு துண்டும் பத்திரம்தான், ஆனால் நடுவில் ஒரு துண்டைத் தூக்கிவிட்டாலோ வரிசையை மாற்றினாலோ என் ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளாது. அதற்கும் எண் போட்டு, கடைசித் துண்டுக்கு அடையாளம் வைத்து என்று இழுத்துக்கொண்டே போனபோதுதான், இதையெல்லாம் டிஎல்எஸ் (https தளங்கள் பயன்படுத்தும் பாதுகாப்பு முறை) ஏற்கெனவே செய்கிறதே என்று உறைத்தது.

பைத்தானிலேயே அதற்கு எஸ்எஸ்எல் மாட்யூல் இருக்கிறது. மெஷின் யாருடையது என்று காட்டும் சர்டிஃபிகேட்டை நானே உருவாக்கினேன், 'வெரிஃபை ஃபெயில்ட்' என்று எரர் வந்தது, எல்லாரும் செய்கிற மாதிரி சரிபார்ப்பை அணைத்துவிட்டேன். அண்ணனிடம் பெருமையாகச் சொன்னால், "நடுவுல ஒருத்தன் உட்கார்ந்து அவன் சர்டிஃபிகேட்டை நீட்டினா உன் ஸ்கிரிப்ட் என்னடா பண்ணும்?" என்றார். வாங்கிக்கொள்ளும். அதுதான் பதில்.

அப்புறம் இரண்டு மெஷினிலும் எதிர்ப்பக்கத்து சர்டிஃபிகேட்டை மட்டும் நம்பும்படி வைத்தேன். ஐபி அடிக்கடி மாறுவதால், சர்டிஃபிகேட்டில் உள்ள பெயர் முகவரியோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் ஹோஸ்ட்நேம் சோதனை மட்டும் கிடையாது, மற்றபடி இரண்டு பக்கமும் சர்டிஃபிகேட் காட்டியே ஆகவேண்டும். சர்டிஃபிகேட்டின் சுருக்க அடையாளமான ஃபிங்கர்பிரிண்டை போனில் எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்த்தோம், 64 எழுத்து, பாதியில் அண்ணி வந்து என்னடா மந்திரம் ஓதுகிறீர்கள் என்று கேட்டார்.

சரியாக ஒரு மாதம் ஓடி, நின்றுபோனது. சர்டிஃபிகேட் உருவாக்கும் கருவியான ஓபன்எஸ்எஸ்எல்லில் நாள் கணக்கு கொடுக்காவிட்டால் சர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் 30 நாள்தானாம். 3650 என்று போட்டு, மறுபடி 64 எழுத்து படித்தோம்.