பனிக்குரங்கு இழுத்துப்போன கோயில்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் ஜப்பானின் நகானோவுக்குப் போனது சாமி கும்பிட இல்லை. வெந்நீர் ஊற்றில் குளிக்கும் பனிக்குரங்குகளைப் பார்க்கத்தான் பிப்ரவரி கடைசியில் டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் புல்லட் ரயில் ஏறினேன். குரங்கு எங்கேயும் ஓடிவிடாது, முதலில் ஜென்கோஜி புத்தர் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார் விடுதிக்கார அம்மா. அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு: பக்தியே இல்லாத ஒரு கிழவி காயப்போட்ட துணியை மாடு ஒன்று கொம்பில் மாட்டிக்கொண்டு ஓட, துரத்திப் போனவள் கடைசியில் வந்து நின்றது இந்தக் கோயில் வாசலில். எனக்கு மாட்டுக்குப் பதில் குரங்கு.

விடியற்காலை பூஜை ஆண்டு முழுக்க ஒரு நாள் விடாமல் நடக்கிறது, சூரியன் உதிப்பதைப் பொறுத்து நேரம் மாறும். பூஜைக்குப் போகும் தலைமைக் குரு, வழியில் மண்டியிட்டிருப்பவர்களின் தலையை ஜபமாலையால் தொட்டுக்கொண்டே போவார். பனி உருகி ஈரமாகக் கிடந்த கல்லில் பாட்டிகளோடு நானும் மண்டியிட்டேன். மாலை தலையில் பட்டது அரை நொடி, முட்டி இரண்டும் தொப்பல்.

மூலவரை யாரும் பார்க்க முடியாது. 6ஆம் நூற்றாண்டில் கொரியாவின் பெக்ஜே நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அமிதாப புத்தர், திரைக்குப் பின்னால், குருமார் கண்ணிலும் படாமல் இருக்கிறார். அவருடைய பிரதியைக்கூட ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே காட்டுவார்கள், 2022இல் காட்டினார்கள். அதனால் தரிசனம் என்பது கண்ணுக்கு இல்லை, கைக்கு. 1707இல் கட்டிய மண்டபத்தின் அடியில் ஒரு சுரங்க வழி, கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. செருப்பில்லாத கால் மரத்துப்போக, வலக்கையால் சுவரைத் தடவிக்கொண்டே நகர்ந்து, வழியில் இருக்கும் ஒரு பூட்டைத் தொட வேண்டும், அதுதான் தரிசனம். முன்னால் யாரோ மெல்லச் சிரிக்கிற சத்தம், அப்புறம் இரும்பு கடகடவென்று ஆடும் சத்தம். சரி, வந்துவிட்டது என்று தடவினேன், சில்லென்று பூட்டு கையில் பட்டது. அதற்கு நேர் மேலேதான் மூலவர். என்ன வேண்டிக்கொள்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை, பின்னால் ஆள் வந்துவிட்டது.

மேலே வந்தால் பின்சுரு சிலை. நம் பாரத்வாஜ கோத்திரத்துப் பெயர் கொண்ட புத்தரின் சீடர் பிண்டோலர்தான். நமக்கு எங்கே வலியோ அவருக்கு அங்கே தடவ வேண்டுமாம், ஜனங்கள் தடவித் தடவி முகமே வழவழவென்று தேய்ந்திருக்கிறது. நான் முட்டியைத் தடவினேன்.

குரங்கு பார்க்க மத்தியானம்தான் கிளம்பினேன். அப்போதும் பேண்ட் காயவில்லை.