தங்கத்தை எண்ணாத பேரரசு

வியூக விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த நிறுவனத்தில் வரலாற்று ஆலோசகராக நான் சேர்ந்தபோது, கொலம்பஸ் வருகைக்கு முந்தைய அமெரிக்க நாகரிகங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. இன்கா, அஸ்தெக், மாயா ஆகிய மூன்றுக்கும் ஓவியர்கள் படங்களை முடித்திருந்தார்கள். விதிகளும் ஏறக்குறைய முடிவாகியிருந்தன. சரிபார்ப்பது என்றால் படங்களிலுள்ள பிழைகளைச் சுட்டுவது என்றே நான் உட்பட எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அப்படிப்பட்ட பிழைகளுக்குக் குறைவில்லை. ஈட்டி ஏந்திய வீரன் ஒருவன் லாமாவின் மேல் அமர்ந்து பாய்ந்து வந்தான். முப்பது கிலோ சுமைக்கே தயங்கும் விலங்கு அது. அஸ்தெக் வீரன் கையில் இரும்பு வாள் இருந்தது. அவர்களுடைய ஆயுதமோ, தட்டையான மரக்கட்டையின் இரு விளிம்புகளிலும் அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடியின் சில்லுகளைப் பதித்த மக்வாவித்ல். ஓவியர்கள் முகம் சுளிக்காமல் ஓரிரு நாட்களில் எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தார்கள். வேலை முடிந்தது என்ற நிறைவோடுதான் இன்கா தரப்பை எடுத்து ஒரு முழு ஆட்டம் ஆடிப் பார்த்தேன்.

திரையின் மேல் மூலையில் தங்கத்தின் கையிருப்பு ஓடிக்கொண்டிருந்தது. படை திரட்டத் தங்கம், சாலை போடத் தங்கம், தங்கம் தீர்ந்தால் சந்தையில் சோளத்தை விற்றுத் தங்கம் பெறலாம். குஸ்கோவைத் தலைநகராகக் கொண்ட இன்கா அரசோ நாணயமே இல்லாமல் நடந்தது. குடும்பங்கள் வரியாகச் செலுத்தியது உழைப்பை: முறை வைத்து அரச நிலத்தில் உழுவது, சாலை அமைப்பது, படையில் சேர்வது. இந்த முறைவேலைக்கு மிட்டா என்று பெயர். வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறும் சோளக் கள்ளும் தருவது அரசின் கடமை. அதற்கான தானியமும், உறையவைத்து உலர்த்திய உருளைக்கிழங்கும், துணியும் மலைச்சரிவுகளில் வரிசையாகக் கட்டிய கிடங்குகளில் இருந்தன. வானுக்கோ பாம்பா என்ற ஒரே இடத்தில் மட்டும் ஏறத்தாழ 500 கிடங்குகளின் எச்சங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. வீரனுக்கு அரசன் தரும் உயர்ந்த பரிசு நுண்ணிய நெசவுத் துணி. தங்கம் கோயிலுக்கும் அரச குலத்துக்கும் உரிய அணி; அதைக் கொண்டு எவரும் சோளம் வாங்கவில்லை.

அங்கே தங்கத்தை எடைபோட்டு எண்ணியவர் ஸ்பெயினிலிருந்து படையெடுத்து வந்த பிசாரோ. 1532 நவம்பரில் கஹமார்கா நகரில் இன்கா அரசன் அதஹுவால்பாவைச் சிறைபிடித்து, ஓர் அறை நிறையத் தங்கமும் அதைப்போல் இரு மடங்கு வெள்ளியும் மீட்புப்பொருளாகப் பெற்று, பாத்திரங்களையும் சிலைகளையும் உருக்கிப் பாளமாக்கியவர்கள் அவருடைய ஆட்கள்தான். எங்கள் விளையாட்டில் இன்கா அரசனாக ஆடுபவர், தம் நாட்டைப் பிசாரோவின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். லாமா மேல் ஏறிய வீரனைப் பார்த்துச் சிரித்த எனக்கு இது பிடிபட மூன்று வாரங்கள் ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீண்ட குறிப்பு ஒன்றை எழுதித் தலைமை வடிவமைப்பாளரிடம் கொடுத்தேன். அவர் அதை முழுவதும் படித்துவிட்டு, "நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒரு தரப்புக்கு மட்டும் பணமே கிடையாது என்றால் மற்றவர்களோடு எப்படிப் போட்டி போடும்? எழுதிக் காட்டாதீர்கள், ஆடிக் காட்டுங்கள்" என்றார். அப்போது மனம் சுணங்கினாலும், அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல அறிவுரை அதுதான். அட்டைகளும் மணிகளும் வைத்து மேசையிலேயே ஒரு மாதிரி ஆட்டம் தயாரித்தேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை முறைவேலை நாட்கள். விதைப்புக் காலத்தில் படைக்கு அழைத்தால் அடுத்த ஆண்டு கிடங்கு காலி. வந்தவர்களுக்கு விருந்து வைக்காவிட்டால் அடுத்த அழைப்புக்கு ஆள் வராது. சோதனையாளர்கள் இருவர் உணவு இடைவேளையைத் தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பல மாதப் பேச்சுக்குப் பிறகு, தனியாள் ஆடும் ஓர் அத்தியாயத்தில் மட்டும் இந்த முறை இடம்பெற்றது. பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் தங்கமே நீடித்தது. அதற்கு வடிவமைப்பாளர் சொன்ன காரணங்களை இன்றும் என்னால் மறுக்க முடியவில்லை.

சக்கரத்தில் எனக்கு எளிதாக வெற்றி கிடைத்தது. எதைக் கண்டுபிடித்தால் எது திறக்கும் என்று காட்டும் தொழில்நுட்ப மரத்தில் சக்கரத்தைக் கண்டுபிடிக்காமல் சாலை திறக்காது என்று இருந்தது. இன்காக்களின் ஆண்டிஸ் மலைத்தொடரிலோ சக்கரமே ஓடாமல் 30,000 கிலோமீட்டருக்கு மேல் சாலை இருந்தது. அதில் ஓட்டத் தூதர்களும் லாமா வரிசைகளும் சென்றார்கள், செங்குத்தான இடங்களில் சாலையே படிக்கட்டாக ஏறியது. மெக்சிகோவிலோ, சக்கரம் வைத்த சுடுமண் விலங்குப் பொம்மைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. வண்டி இழுக்கும் விலங்குதான் இல்லை. ஆகவே 'இன்னும் அந்தப் படியை எட்டாதவர்கள்' என்று அந்த மரம் சொன்னதே தவறு. நிரலாளர் அரை மணி நேரத்தில் அந்த இணைப்பை நீக்கிவிட்டார். இந்தத் தடுமாற்றம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. 2000இல் அஸ்தெக்குகளையும் மாயாக்களையும் சேர்த்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற விளையாட்டு அவர்களுக்குக் குதிரை லாயம் கொடுக்காமல் கவனமாக இருந்தது. ஆனால் சக்கரம் பூட்டிய கல்லெறி பொறிகளைக் கொடுத்துவிட்டது. 2019இல் சிவிலைசேஷன் விளையாட்டுத் தொடரில் வந்த இன்காக்கள் மற்றவர்களுக்கு வெற்றுத் தடையாக இருக்கும் மலையிலும் உழைத்து விளைச்சல் பெறலாம் என்ற விதியைப் பார்த்தபோது, மலையை வயலாகக் கண்ட மக்களை ஒருவராவது புரிந்துகொண்டாரே என்று மகிழ்ந்தேன்.

மாயாவில் நான் தோற்றேன். திக்கால், கலாக்முல் என்று ஒன்றையொன்று பகைத்த பல நகர அரசுகளை, ஒரே தலைநகரும் ஒரே மன்னனும் உள்ள பேரரசாக ஆக்கியிருந்தார்கள். அதைப் பிரிக்க நேரம் இல்லை.

கடைசியாக வந்தது கிடங்குக் கணக்குக்கான ஐகான். இன்காக்கள் கணக்கை முடிச்சுக் கயிறுகளில், அதாவது கிப்புவில், பதிந்தார்கள். அது பதின்ம முறை என்பதை லெலண்ட் லாக் என்ற ஆய்வாளர் 1912இலேயே விளக்கியிருந்தார்: மேல் கயிற்றை ஒட்டி நூறுகள், நடுவில் பத்துகள், நுனியில் ஒன்றுகள், ஒன்றுகளுக்கு மட்டும் பல சுற்றுக் கொண்ட நீள முடிச்சு. வெறும் அலங்காரமாக இருக்கக் கூடாது என்று 412 என்ற எண்ணையே முடிச்சிட்டு வரையச் சொன்னேன். ஓவியரும் ஆர்வத்தோடு வரைந்தார். வெளியீட்டுக்குப் பிறகு ஒரு மாலை, ஐகானைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நீள முடிச்சு மேலே இருந்தது. நான் கொடுத்த மாதிரிப் படமே தலைகீழாக இருந்திருக்கிறது. அடுத்த திருத்த வெளியீட்டில் அதைத் திருப்பி வைத்தோம். மாற்றங்களின் பட்டியலில் அதை நான் குறிப்பிடவில்லை.